புதுக் கிரகத்தில் மஃரிப் எப்போது, நானா?

கூடப் பிறந்த என் உயிரான நானா,

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. நீங்கள் மவுத்தாகி அடக்கமாகி இரண்டு மாதம் கழித்து வந்திருக்கிறது. என் காரியங்கள் எல்லாம் இப்படித்தான்.

சூரியனுக்கு வெகு தொலைவில், குளிரில் உறைந்து கிடக்கும் புதுக் கிரகம் ஒன்றைக் கண்டுபிடித்ததாகப் பேப்பரில் பார்த்தீர்களே. வத்தேகமயில் உங்கள் துணிக்கடையில் துணி மடித்துக்கொண்டே என்னைக் குடைந்தீர்கள்.

"அது சுத்துதா தம்பி? சுத்தினா ஒரு நாள் எவ்வளவு? பொழுது பட்டுத் தொழுற மஃரிப் எப்ப வரும்?"

"அங்க போய்த் தொழப் போறீங்களா நானா?" என்று சிரித்தேன்.

கொழும்பில் வானசாஸ்திரம் தெரிந்த வெள்ளைக்காரத் துரைக்கு எழுதிக் கேட்கச் சொன்னீர்கள். கண்டியில் வழக்குப் பேசும் புரொக்டரின் கந்தோரில் நாள் முழுக்கக் கடிதம் எழுதுகிறவன், அந்த ஒரு கடிதத்தை எழுதவில்லை. உங்களை அடக்கிய பிறகுதான் எழுதினேன்.

துரையின் பதில், தெரியாது என்பதுதான். யுரேனஸ் என்ற கிரகம் பக்கவாட்டில் படுத்தபடி சுழல்கிறதாம். ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருவதையும் மறு விளிம்பு விலகுவதையும் அதன் வெளிச்சத்தை வைத்தே அளந்துவிட்டார்களாம். புதியதோ பெரிய தூரதரிசினியிலும் வெறும் புள்ளி. சுழல்கிறதா என்று பார்க்க முகத்தில் ஓர் அடையாளமும் தெரியவில்லையாம்.

உங்கள் மனைவிக்கு, என் மச்சிக்கு, வாசித்துக் காட்டினேன். உங்களுக்காக நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் துக்கம் இருக்கிறவர், திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"அந்தக் கிரகத்துட நாள் கெடக்கட்டும் தம்பி. இந்த வீட்டுட நாளையே நீங்க பிழயாத்தானே எண்ணின."

"என்ன மச்சி செல்றீங்க?"

"மஃரிப் பாங்கு செல்லி முடிஞ்ச பொறகுதான் அவருக்கு மூச்சு அடங்கின. பொழுது பட்டா நமக்கு அடுத்த நாள் தொடங்கிடும், அப்ப அது வெள்ளி. நீங்க வியாழனெண்டு எண்ணி, நாப்பதாம் நாள் கத்தத்த ஒரு நாள் முந்தி ஓதிட்டீங்க. என்ட இத்தாவ நான் வெள்ளியிலிருந்துதான் எண்ணுறன்."

கந்தோர்ப் பழக்கம், நடுச்சாமத்தில்தான் தேதியை மாற்றுவோம் என்றேன். பொய், நானா. வியாழன் வருகிறேன் என்று நோயில் கிடந்த உங்களுக்குச் சொல்லியனுப்பியிருந்தேன். வேலையை முடித்து, பஸ் பிடித்து, இருட்டிய பிறகு வந்து சேர்ந்தபோது உங்கள் முகத்தை மூடியிருந்தார்கள். வியாழன் என்று எழுதிவிட்டால் நான் சொன்ன நாளில் வந்தவன் ஆகிவிடுவேன். உங்கள் கணக்கில் வியாழன் முடிந்திருந்தது.

அன்று பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு எத்தனை முறை வாசலைப் பார்த்தீர்கள்? மச்சி சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

துரைக்கு வருடா வருடம் எழுதுவேன். என்றைக்காவது விடை தெரிந்தால் உங்களை அடக்கிய கபுறடிக்கு வந்து சொல்வேன். வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுவேன், நானா.

சொன்ன நாளில் வராத
உங்கள் தம்பி