ஏழாவது மாடியிலிருந்து காட்டிய வயல்

மாப்ளே,

இன்று காலை அரண்மனைக் கோபுரத்தின் அடியில் போய் நின்றேன். வௌவால் நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. இந்த இருட்டுக்குள் ஒரு லட்சம் வௌவால் தொங்குகிறது என்று அன்றைக்கு உன்னிடம் சொன்னபோது, "எண்ணிப் பாத்தீங்களா மச்சான்?" என்று கேட்டாய். நேற்று சாயங்காலம்தான் எண்ணினேன், மூன்று மட்டும் வெளியூர் போயிருந்தது என்றேன். நீ சிரித்தாய். ஐம்பது வருஷம் ஆகிறது. நாற்றத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பக்கத்தில் நின்றதுதான் வேறு ஆள். உன் மகள்.

சென்னையிலிருந்து ஆபீஸ் சிநேகிதிகள் நாலு பேரை வேனில் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஒரே நாளில் தஞ்சாவூர் முழுக்கப் பார்க்கவேண்டுமாம். "மாமாதான் எங்களுக்கு கைடு" என்று போனிலேயே நியமன உத்தரவு போட்டுவிட்டாள். எனக்கு வயது எழுபத்தொன்பது. முழங்கால் இரண்டும் ராஜினாமாக் கொடுத்து வெகுநாள் ஆயிற்று. ஆனாலும் தஞ்சை ராஜ்ஜியத்துக்கு மிச்சமிருக்கும் ஒரே வாரிசு வரமாட்டேன் என்று சொல்லலாமா? சலவை வேட்டி கட்டிக்கொண்டு எட்டு மணிக்கே வாசலில் நின்றேன். "கிரீடத்தை மறந்துட்டீங்களே" என்றாள் உன் அக்கா.

பெரிய கோயிலில் என் சரக்கு முழுவதையும் அவிழ்த்துவிட்டேன். பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அடுத்து அரண்மனைக்கு வந்தோம். உன் மகள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா இங்கெல்லாம் வந்திருக்காரா மாமா?"

அதற்கு என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன் அந்த நாளை உனக்கே திருப்பிச் சொல்லப் போகிறேன். கூட இருந்த ஆளிடமே எதற்கு என்று கேட்காதே. என் ஆயுளில் ஒரே ஒரு சங்கதியையாவது கூட்டாமல் குறைக்காமல் சொல்லிப் பார்க்கவேண்டும்.

குத்தகைக்காரன் பேர் பதிவேட்டில் ஏறிவிட்டால் மிராசுதார் அவனை வயலைவிட்டு இறக்க முடியாது என்று புதுச் சட்டம் வந்திருந்த காலம். உன் அப்பா காலத்திலிருந்து உங்கள் வீடு உழுத ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், உன் பேரில் ஏறவேண்டும். மிராசுதார் ஆட்சேபணை கொடுத்தார். இவன் குத்தகைக்காரனே இல்லை, என் பண்ணையில் தினக்கூலி என்றார். தஞ்சாவூரில் விசாரணை என்று உனக்குத் தாக்கீது வந்தது.

விசாரணைக்கு நம் பக்கத்தில் யாரும் தனியாகப் போவதில்லை. துணைக்கு ஒருவர் வேண்டும். வழக்கமாகச் செங்கொடிச் சங்கத்துத் தோழர்தான் வருவார். அந்தக் கார்த்திகையில் நடவுக் கூலித் தகராறு முற்றி, ஊருக்கு ஊர் போலீஸ் முகாம் போட்டிருந்தார்கள். தோழர் ஜெயிலில் இருந்தார். ஆகவே நீ என்னைத் தேடி வந்தாய். நான் கீழவாசலில் ஓர் உரக்கடையில் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்தேன். நாலு வருஷம் டவுனில் குப்பை கொட்டியதில் தஞ்சாவூரையே எனக்கு எழுதிவைத்துவிட்டார்கள் என்று நினைப்பு. துணைக்கு வருகிறவனுக்கு ஒரே ஒரு வேலைதான் மாப்ளே. கூப்பிடுகிற குரல் காதில் விழுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கழுதைகூடச் செய்யும்.

எட்டரைக்கு உன் பஸ் வந்தது. நேரத்துக்கு வந்தது. இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன்.

மந்திரி வருகிறார் என்று ஊரெல்லாம் கறுப்பு சிவப்புத் தோரணம், வாழைமரம், வளைவு. ஆபீஸில் கிளார்க் தலையைத் தூக்காமல் சொன்னார்: "ஐயா மந்திரி ப்ரோக்ராமுக்குப் போயிருக்காரு. ரெண்டு மணிக்கு மேலதான் வருவாரு. எங்கயும் போயிடாதீங்க, வராண்டாவுலயே இருங்க." முதல் இரண்டு வாக்கியம் எனக்குக் கேட்டது. மூன்றாவது உனக்குக் கேட்டது.

"இருக்கச் சொன்னாருல்ல மச்சான்?"

"அது சாதாரண ஜனங்களுக்குச் சொல்றது. இன்னும் நாலரை மணி நேரம் இருக்கு. பதினாறு மைல்ல பொறந்துட்டு பெரிய கோயிலை பஸ் ஜன்னல் வழியாவே பாத்துட்டுப் போற. வெளியில சொன்னா எனக்கு அவமானம். வா."

நீ வந்தாய். அக்கா புருஷன் கூப்பிட்டு வரமாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன் நீ. வழியெல்லாம், அதிகாரி முன்னால் சொல்லவேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாய். "எங்கப்பா காலத்துலேருந்து நாங்கதான் சாகுபடி பண்றோம், எசமான்." எசமான் போடாதே, ஆட்சி மாறிப் போச்சு, ஐயான்னு சொன்னால் போதும் என்று நான் திருத்தினேன். அதற்கப்புறம் ஐயா போட்டுச் சொல்லிப் பார்த்தாய். ஒவ்வொரு தடவையும் ஐயாவுக்கு முன்னால் ஒரு விநாடி தயங்கினாய்.

கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று நான் முழங்கினேன். நீ குனிந்து உன் காலைப் பார்த்தாய்.

"நான் நிழல்லதானே மச்சான் நிக்கிறேன்?"

"அது வேற நிழல்."

"சரி மச்சான்."

நந்தி வருஷத்துக்கு ஒரு முழம் வளர்ந்து, கூரையை முட்டி, கடைசியில் மண்டையில் ஆணி அடித்து நிறுத்தினார்கள் என்றேன். நீ அதைச் சந்தையில் மாடு பிடிக்கிறவன் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிவந்தாய். "உழவுக்கு ஆகாது. உக்காந்தே பழகிடுச்சு" என்றாய். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அன்றைக்கு நீ சொன்ன ஒரே கிண்டல் அதுதான்.

கோயிலைச் சுற்றி முடித்ததும் போகலாம் என்றாய். "வெறும வராண்டாவுல உக்காந்திருந்தாக்கூட மனசுக்குத் தெம்பா இருக்கும் மச்சான்" என்றாய். அரண்மனை பார்க்காமல் தஞ்சாவூரைவிட்டுப் போனால் ராஜத்துரோகம், தலையை வாங்கிவிடுவார்கள் என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன். பிடித்து இழுத்தேன் என்பது மிகையில்லை. இந்தக் கையால்தான்.

அங்கே திமிங்கல எலும்புக்கூடு. ராஜா இதன்மேல் ஏறித்தான் கடல் தாண்டினார் என்றேன். சேணத்தை எங்கே கட்டினார்கள் என்று கேட்டாய், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் மாதிரி. பிறகு வௌவால் இருட்டு. குறுகலான படி. ஏழு மாடி என்று உனக்குச் சொன்னேன். எண்ணிப் பார்த்தால் குறையலாம்.

மேலே ஏறினதும் காற்று அடித்தது. ஓட்டுக் கூரைகளுக்கு அப்பால் கண்ணுக்கு எட்டின மட்டும் சம்பாப் பயிர், பச்சை. நீ கிழக்கே பார்த்து நின்றாய்.

"நம்ம வயல் தெரியுமா மச்சான்?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் இறங்கியிருப்பாய். நான் கையை நீட்டினேன். "அதோ பாரு. ஒத்தைப் பனை தெரியுதா? அதுக்கு இந்தப் பக்கம். உன் ஒன்பது மாதான். போன வாரம் களை எடுத்தது வரைக்கும் தெரியுது."

"நடுவுல அம்மாப்பேட்டையே தெரியலையே."

"அது பள்ளம். உங்க ஊரு மேடு."

என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாய். "உங்க கண்ணுக்குத் தெரியுதுன்னா சரி மச்சான்" என்றாய். அப்புறம் கைப்பிடிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, நான் காட்டின அந்தப் பச்சையை, யாருடையதோ, அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாய். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. உன் வாய் அசைவது நின்றிருந்தது. காலையிலிருந்து அப்போதுதான் உன் முகத்தில் பயம் இல்லை. நான்தான் இதைச் செய்தேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது, மாப்ளே. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒன்றே முக்காலுக்கு ஆபீஸுக்குத் திரும்பினோம். வராண்டா காலி. பேர் கூப்பிடுகிற டவாலிச் சேவகர் மட்டும் தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். உன் பேரைச் சொன்னோம்.

"நீதானாய்யா அது? மந்திரி வரலைன்னு ஐயா பதினோரு மணிக்கே வந்துட்டாரு. பன்னெண்டரைக்கு உன் பேரை மூணு தரம் கூப்பிட்டேன். அடிவயித்துலேருந்து கூப்பிட்டேன். எங்கய்யா போய்த் தொலைஞ்ச?"

பன்னிரண்டரைக்கு நாம் மேலே நின்றுகொண்டிருந்தோம். மனுதாரர் ஆஜராகவில்லை என்று எழுதி, மிராசுதார் பக்கம் உத்தரவும் ஆகிவிட்டது. அவருடைய காரியஸ்தர் வெற்றிலை மென்றுகொண்டே படியிறங்கி வந்தவர், "என்னப்பா, டவுனைச் சுத்திப் பாத்தியா?" என்று உன்னிடம் விசாரித்தார். நீ தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாய்.

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகச் சொன்னாய்: "அக்கா காதுக்கு இது போகக் கூடாது மச்சான். பஸ் லேட்டுன்னு நான் சொல்லிக்கிறேன்."

நிழலை நிழல் என்றும் வெயிலை வெயில் என்றும் மட்டுமே சொல்லத் தெரிந்த நீ, பொய்யைக் கையாளத் தெரியாமல் மாட்டிக்கொண்டாய். ஜெயிலிலிருந்து வந்த தோழர் உனக்காக அப்பீல் போட்டார். பஸ் லேட்டு என்று அங்கேயும் சொன்னாய். அன்றைக்கு பஸ் நேரத்துக்கு வந்தது என்று எதிர்த்தரப்பு டிரைவரையே கொண்டுவந்து நிறுத்தியது. அப்பீலும் போயிற்று. பஸ்ஸும் லேட்டில்லை என்றால் இவன் எங்கே போயிருப்பான் என்று ஊர் யோசித்தது. சினிமாவுக்குப் போயிருக்கிறான் என்று முடிவு கட்டியது. நீ மறுக்கவில்லை. மறுத்தால், அப்புறம் எங்கே போனாய் என்ற கேள்வி வரும். என் பேர் வரும். உன் அக்கா வீட்டில் அடுப்பு எரியாது.

தையில் உன் பயிரை மிராசுதார் ஆட்கள் அறுத்தார்கள். அடுத்த போகத்துக்கு அதே வயலில் கூலிக்கு நாற்றுப் பறித்தாய். அதுவும் பொறுக்காமல் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கப் போனாய். அந்தச் சம்பளத்தில்தான் மகளைப் படிக்கவைத்தாய். தீபாவளிக்கு தீபாவளி அக்காவுக்குச் சீர் எடுத்துக்கொண்டு வந்து, என் கதைகளுக்கெல்லாம் சிரித்தாய். அந்தச் சிரிப்பில் நான் எதையாவது தேடிக்கொண்டே இருப்பேன். ஒன்றும் கிடைத்ததில்லை. போன மாசி மாதம் மார்வலி என்று படுத்தாய். நான் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

இப்போது உன் மகளிடம் வருகிறேன். கோபுரத்தடியில் நின்று, இவ்வளவையும் அவளிடம் சொன்னேன். ஒரு வௌவாலைக்கூட அதிகமாகச் சேர்க்கவில்லை. பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா மேல இருக்குற பழியை நீங்க எதுக்கு மாமா எடுத்துக்கிறீங்க? சினிமா பாக்கப் போயி நெலத்தைத் தொலைச்ச மனுஷன்னு அம்மா சாகுற வரைக்கும் சொல்லிச்சு. எனக்கே அப்பா மேல அந்தக் கோபம் உண்டு. இப்ப எல்லாம் ஆறிப்போச்சு. விடுங்க."

"இல்லம்மா, சத்தியமா நான்தான்."

"நந்தி தலையில ஆணி அடிச்சதும் சத்தியமாத்தானே?" சிநேகிதிகள் பக்கம் திரும்பினாள். "எங்க மாமாவுக்கு வாயெல்லாம் புளுகு. ஆனா தங்கமான மனசு."

தங்கமான மனசு மாப்ளே. காதில் விழுந்ததா? அந்தப் பெண்கள் என்னைப் பெரிய மனுஷனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஒருத்தி காபி வாங்கிக் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன்.

வேன் போன பிறகு யோசித்தேன். என் பேச்சில் எது புளுகு எது நிஜம் என்று குரலை வைத்தே கண்டுபிடிக்கிற ஆள் உலகத்தில் ஒருத்திதான் உண்டு. உன் அக்கா. நான் இதைச் சொன்னால், முதல் வரியிலேயே நம்பிவிடுவாள். அதனால்தான் ஐம்பது வருஷமாக அவளிடம் சொல்லவில்லை. நீ கேட்டுக்கொண்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது, எல்லாவற்றிலும் பெரிய புளுகு.

வந்ததிலிருந்து இந்த மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது வந்து பக்கத்தில் நிற்கிறாள். "யாருக்கு இவ்வளவு நீளமா?" என்றாள். பென்ஷன் ஆபீஸுக்கு என்றேன். நகரவில்லை.

"உன் தம்பிக்கு" என்றேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டாள். நீ என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான். அதையும் காப்பாற்றாத துணையாகப் போகிறேன், மாப்ளே. கண்ணாடியைத் துடைத்து என் பக்கம் நீட்டுகிறாள்.

"படிங்க" என்கிறாள்.