பின்னறை ஜிம்

திருவல்லிக்கேணி,
ஜனவரி 25, ஞாயிறு.

என் அன்புக்குரிய மச்சானுக்கு,

ஸலாம். இங்கே நான், மாமா, நம் மகள் ஜுமானா மூவரும் நலம். நீங்களும் அங்கே சவூதியில், ஜுபைலில் நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறோம்.

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீங்கள் பாதியில் மறித்துவிடுவீர்கள். இதைப் பாதியில் நிறுத்த முடியாது. பக்கத்து வீட்டு ஜஹீதாவின் அண்ணன் வியாழக்கிழமை உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடுங்கள்.

முதலில், போன வருஷம் ஜூலையில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது நினைவிருக்கும். தண்ணீர் கேனைத் தூக்கக் குனிந்தவள் நிமிர முடியாமல் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜுமானாதான் கைபிடித்துக் கட்டில் வரை கூட்டிப் போனாள். உங்களிடம் சாதாரண வலி என்றேன். டாக்டர் சொன்னது அதைவிடக் கொஞ்சம் அதிகம். எலும்பில் கோளாறில்லை, சதையில்தான் பலமே இல்லை, முப்பத்தெட்டு வயதுக்கு இது சரியில்லை என்றார். சர்க்கரையும் எல்லைக்கோட்டைத் தாண்டி நின்றது. மாத்திரை எழுதுவதற்கு முன் ஆறு மாதம் பார்ப்போம், நடந்தால் மட்டும் போதாது, எடை தூக்கிப் பயிற்சி செய்யுங்கள் என்றார்.

பெரிய தெருவில் இருக்கும் ஜிம்முக்குப் போய் விசாரித்தேன். பெண்களுக்குப் பதினொன்றிலிருந்து ஒன்று வரைதான் நேரமாம். அதுதான் நான் உலை வைக்கிற நேரம், மாமாவுக்கு மாத்திரை கொடுக்கிற நேரம். மெரினாவில் நடந்து பார்த்தேன். ஒரு நாள் வெயில், ஒரு நாள் மழை, எல்லா நாளும் வீட்டில் மாமா தனியாக இருக்கிறாரே என்ற கவலை. பாதி தூரத்திலேயே திரும்பிவிடுவேன். அப்போதுதான் உங்களிடம் போனில் கேட்டேன், வீட்டிலேயே சின்னதாக ஒரு ஜிம் வைத்துக்கொள்ளட்டுமா என்று. நீங்கள் சிரித்தீர்கள். தினமும் இரண்டு மாடி ஏறி இறங்குகிறவளுக்கு வேறு ஜிம் எதற்கு என்றீர்கள். ஆனால் ஆகஸ்ட் முதல் வாரமே வைத்துவிட்டேன்.

நம் பின்னறையில்தான். அதில் நீங்கள் பன்னிரண்டு வருஷமாக அனுப்பிய பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஃபேன் வரைக்கும் நின்றன. புது வீட்டுக்கு என்று ஒவ்வொன்றின் மேலும் உங்கள் கையெழுத்து. எல்லாவற்றையும் பிரித்தேன், மச்சான். போர்வைகளில் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட்டேன். டின்னர் செட்டில் தினமும் சாப்பிடுகிறோம், ஜுமானா ஏற்கெனவே ஒரு தட்டை உடைத்துவிட்டாள். அறை காலியானதும்தான் அதற்கு ஒரு ஜன்னல் இருப்பதே எனக்கு ஞாபகம் வந்தது.

முறையாகத்தான் செய்தேன். முதல் காரியமாகக் கீழ்வீட்டு ராமானுஜம் சாரிடம் போய்ச் சொன்னேன். வீட்டுக்காரர், பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர், அவருக்குத் தெரியாமல் அவர் தலைக்கு மேல் இரும்பைத் தூக்கக் கூடாது அல்லவா. எழுபத்திரண்டு வயதில் மேலே ஏறி வந்து, தரையைக் கைத்தடியால் தட்டித் தட்டிப் பார்த்தார். பழைய மரவிட்டத் தளம், நடு அறையில் பாரம் கூடாது, எடைகளையெல்லாம் சுவரோரமாக வை, எதையும் கீழே போடாதே, மெதுவாக இறக்கி வை என்றார். ஜன்னல் சட்டத்தைக் கறையான் அரித்திருக்கிறது, அதில் எதையும் கட்டி இழுக்காதே என்று சொல்லி, ஆள் வைத்துச் சுவரில் ஒரு கொக்கியும் அடித்துக் கொடுத்தார்.

எது வேண்டும், எது வேண்டாம் என்று சொன்னது ஜஹீதா. மயிலாப்பூர் கிளினிக்கில் பிசியோதெரபி பார்க்கிறவள், அவளுக்குத் தெரியாதா. டிரெட்மில் வாங்கலாமா என்று கேட்டேன். ஒரே மாதத்தில் அதில் துணி காயப்போடுவாய், சும்மா இரு என்றாள். முதலில் தரைக்கு விரிப்பு. இரண்டு பேரும் பஸ் பிடித்து ஈக்காட்டுத்தாங்கல் போய், ஒரு பட்டறையில் கனமான கறுப்பு ரப்பர் ஷீட்டை அளவுக்கு வெட்டி வாங்கி வந்தோம். நாற்றம் போக ஒரு வாரம் மொட்டைமாடியில் கிடந்தது. பிறகு டம்பெல். மேன்ஷன் அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போன ஒருவர் தன்னுடையதை விற்றார். இரண்டு கம்பி, ஒன்றிலிருந்து ஐந்து கிலோ வரை கழற்றி மாட்டுகிற வில்லைகள். கொக்கியில் மாட்டி இழுக்க ரப்பர் பட்டைகள் இரண்டு. கால் ஆடாத ஒரு பெஞ்சு. கண்ணாடிக்கு நம் பழைய பீரோவின் கதவைக் கழற்றிச் சுவரில் பதித்தேன். அழகு பார்க்க இல்லை, குனியும்போது முதுகு வளைகிறதா என்று பார்க்க. அவ்வளவுதான் என் ஜிம். நீங்கள் அனுப்பும் பணத்தில் கை வைக்கவில்லை, எல்லாம் என் தையல் கூலி.

வீட்டிலேயே இருப்பதன் அருமை எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு அப்படியே போய் நிற்கலாம். உடுத்திக் கிளம்ப வேண்டாம், யார் பார்க்கிறார்களோ என்ற கூச்சம் வேண்டாம். மழை பெய்தாலும் நிற்காது. முழு நேரம் கிடைக்காத அன்று குக்கர் நாலு விசில் அடிப்பதற்குள் பத்து நிமிஷம் செய்துவிட்டு வருவேன். மாமா இருமினால் காதில் விழும். ஜஹீதா வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் வந்து என்னோடு சேர்ந்து செய்கிறாள். குனிந்து தூக்காதே, உட்கார்ந்து எடு, காலால் எழுந்திரு, மூச்சை அடக்காதே என்று அவள் சொல்லிச் சொல்லி இப்போது தரையில் கிடக்கும் துணியைக்கூட அப்படித்தான் எடுக்கிறேன்.

இரண்டு கிலோவில் ஆரம்பித்தேன். நவம்பரில் கைக்குப் பத்து. இடுப்பு வலி எங்கே போனதென்று தெரியவில்லை. சர்க்கரை எல்லைக்கு உள்ளே வந்துவிட்டது, ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் இன்னொரு முறை என் முகத்தைப் பார்த்தார். என் சல்வார்களையெல்லாம் நானே பிடித்துத் தைத்துக்கொண்டேன். தண்ணீர் கேனைக் கீழேயிருந்து நானே தூக்கி வருகிறேன். மாமா மட்டும் அந்த அறைப் பக்கம் வரவே இல்லை. நான் உள்ளே இருக்கும்போது ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படியுங்கள். மாமா இப்போது நன்றாக இருக்கிறார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிசம்பரில் மாமாவுக்கு வாயுத்தொல்லை, ஒரு நாள் மருத்துவமனையில் இருந்தார் என்று உங்களிடம் சொன்னோம். வாயு இல்லை. மாரடைப்பு.

ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. இரண்டு நாள் விடாத மழை, நம் சந்தில் முழங்கால் தண்ணீர். பிற்பகல் அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்தவர் கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவினார். முகமெல்லாம் வேர்வை. இடது கை கனக்கிறது என்றார். நான் 108-க்குப் போன் செய்தேன், ஜுமானா ஓடிப்போய் ஜஹீதாவை அழைத்து வந்தாள். அவள் நாடியைப் பார்த்துவிட்டு என்னிடம் கண்ணாலேயே சொன்னாள். 108-காரர்கள் போனில் சொன்ன மாத்திரையைக் கொடுத்தோம். அவரை ஒரு அடிகூட நடக்க விடாதீர்கள் என்றார்கள். வண்டி வந்துவிட்டது, ஆனால் தண்ணீரில் சந்துக்குள் நுழைய முடியாமல் பெரிய தெருவிலேயே நிற்கிறது. அவர்கள் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே நடந்து வரட்டுமா என்று யோசித்தோம். நம் மாடிப்படியின் வளைவில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்று ராமானுஜம் சார் சொல்லிவிட்டார், அவர்கள் தண்ணீரில் நடந்து வந்து சேரும் வரை காத்திருக்கவும் பயம். வீட்டில் வேறு ஆண்பிள்ளை யாரும் இல்லை.

நான் ஜஹீதாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். கை வைத்த மர நாற்காலியில் மாமாவை உட்கார வைத்து என் துப்பட்டாவால் நெஞ்சுக்குக் கீழே கட்டினோம். ஜஹீதா மேலே முதுகுப் பக்கம். நான் கீழே, நாற்காலியின் முன்கால்களைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே படி இறங்கினேன். பாரமெல்லாம் கீழே இருப்பவளுக்குத்தான் வரும், அது தெரிந்துதான் நான் அந்தப் பக்கம் நின்றேன். மாமா அறுபது கிலோ இருப்பார். கரண்ட் இல்லை. ராமானுஜம் சார் எனக்குப் பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரு படி, இன்னும் ஒரு படி, இப்போது வளைவு என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். மாமா வாய்க்குள் கலிமா சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் என்னைப் பார்த்து, இறக்கி விடும்மா, நான் நடக்கிறேன், உனக்குப் பாரம் என்றார். நான் பேசாதீங்க மாமா என்று அதட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை அதட்டியது அன்றுதான்.

முப்பத்து நான்கு படி, மச்சான். பிறகு தண்ணீர். கால் வைக்கும் இடத்தில் கல்லா குழியா தெரியாது. பாதிச் சந்தில் டீக்கடையிலிருந்து நாலு பேர் ஓடிவந்து கை கொடுத்தார்கள். ஜஹீதா விட்டுக் கொடுத்தாள். நான் என் பக்கத்தை விடவில்லை. விடத் தோன்றவில்லை. வண்டியில் ஏற்றிய பிறகுதான் கையை எடுத்தேன். இடுப்பு வலிக்கவே இல்லை.

மருத்துவமனையில் அன்று மாலையே ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். இவரைப் படியில் நடத்தி இறக்கியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும், தூக்கிக்கொண்டு வந்தது யார் என்று டாக்டர் கேட்டார். மாமா ஆக்சிஜன் குழாயை விலக்கிவிட்டு, என் மருமகள் ஷாகிரா என்றார். அடுத்த நாள் வார்டுக்கு வந்த நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரர், துடைக்க வந்த அம்மா எல்லோரிடமும் அதையே சொன்னார். அந்த மெஹபூப் அலி சாரோட மருமகள் வந்தாச்சு என்று அந்த வார்டே என்னைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இன்னொரு முறை சொல்ல மாட்டாரா என்றும் இருந்தது.

உங்களிடம் மறைக்கச் சொன்னதும் மாமாதான். ஹம்மாதிடம் சொல்லாதே, ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம், போட்டது போட்டபடி ஓடி வந்துவிடுவான் என்றார். மறைத்ததற்கு என்னை மன்னியுங்கள். உங்கள் வாப்பாவின் விஷயம், உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறைத்ததற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன், ஜிம்முக்கு இல்லை.

மாமா இப்போது தினமும் காலை பத்து மணிக்குப் பின்னறைக்கு வருகிறார். டாக்டர் எழுதிக் கொடுத்ததை ஜஹீதா சொல்லித் தர, பெஞ்சில் உட்கார்ந்து கைக்கு ஒரு கிலோ தூக்குகிறார், பிறகு அறைக்குள்ளேயே நடக்கிறார். நேற்று எனக்கு முன்னால் போய் விரிப்பைத் துடைத்து வைத்திருந்தார். ராமானுஜம் சார் வீட்டு அம்மாவும் முழங்கால் வலிக்காக வாரம் இரண்டு நாள் மேலே வருகிறார்கள்.

இனி உங்களைப் பற்றி. ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள். போன வாரம் வீடியோவில் பேசிக்கொண்டே உங்கள் ரூமுக்குப் படியேறினீர்கள். ஒரே ஒரு மாடி. மேலே போனதும் போனை வேறு பக்கம் திருப்பிவிட்டீர்கள், ஆனால் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. மாமாவின் டாக்டர், மகன்கள் உண்டா, என்ன வயது என்று கேட்டார். ஒருவர்தான், நாற்பத்து நான்கு என்றேன். அவரையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்.

வருகிற வெள்ளிக்கிழமை லீவில் கம்பெனி டாக்டரிடம் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் பார்த்துவிடுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு, உங்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து நில்லுங்கள். மறுபடி உட்காருங்கள். முடிகிற வரைக்கும். அதற்கு எந்தச் சாமானும் வேண்டாம். முதல் நாள் எத்தனை முடிந்தது என்று எனக்கு எழுதுங்கள். குறைவாக இருந்தால் சொல்லக் கூச்சப்படாதீர்கள், மச்சான். எனக்கு என் முதல் நாளில் நான்குதான் முடிந்தது.

உங்களை எங்களிடம் ஆரோக்கியத்தோடு திருப்பித் தரும்படி ரப்பிடம் கேட்டபடியே,

உங்கள்
ஷாகிரா