சம்பந்தி இடுப்பில் என் சாவி

1991 ஜூன் 10, திங்கள்

பெரியகருப்பன் இன்றைக்கும் சுவரில் வெற்றிலை துப்பினார். சுண்ணாம்பு அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் லைன் வீட்டில் கடைசி ரூமில், மகள் செல்லத்தாயோடு குடியிருக்கிறார். உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்கள். மகள் பனியன் கம்பெனியில் செக்கிங், இவர் அதே கம்பெனியில் ராத்திரி வாட்ச்மேன்.

"ஏனுங்க, அது செவுரா, எச்சப் படிக்கமா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்காரம்மா, சுவரு பொட்டில்லாத மூஞ்சி மாதிரி இருந்துச்சு. ஒண்ணு வச்சு விட்டேன்" என்கிறார். என் நெற்றியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதையும் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

நான் படித்தது மூணாங்கிளாஸ்தான். ஆனால் எனக்கு யார் என்ன செய்தார்கள் என்பதில் ஒன்றுகூட மறக்காது. அந்த வரிசையில் முதல் இடம் சம்பந்தி ஆறுச்சாமிக்கு. என் மகள் வேலாத்தாளின் மாமனார். பதினேழு வருசமாக அவரை அந்த இடத்திலிருந்து யாராலும் இறக்க முடியவில்லை. பெரியகருப்பன் எவ்வளவு துப்பினாலும் இரண்டாவதுதான்.

1991 ஜூன் 14, வெள்ளி

பெரியகருப்பன் செத்துப் போனார். வேன் அடித்து. ஓட்டியது சம்பந்தி. இன்றைக்கு எழுத வரவில்லை.

1991 ஜூன் 16, ஞாயிறு

நடந்தது இது. பெரியகருப்பன் ராத்திரி டூட்டி முடித்து வந்து, குருசாமி டீக்கடை முன்னால் சைக்கிளை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஊரிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு வந்த கம்பெனி வேன் தாராபுரம் ரோட்டை விட்டு இறங்கி நேராகக் கடைக்குள் வந்துவிட்டது. வேனில் இருந்தவர்களுக்குச் சிராய்ப்புதான். போனது அவர் ஒருவர்.

சம்பந்தி போலீசில் சொன்னது: "பிரேக்கு புடிக்கலீங்க." கம்பெனி முதலாளியும் அதையேதான் சொல்கிறார்.

குருசாமி என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அவுரு மூஞ்சி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு இருந்துச்சுங்க. கை ஸ்டேரிங் மேல வெட்டி வெட்டி அடிச்சுது."

"போலீசுல சொன்னியா?"

"கம்பெனிக்கு ரெண்டு நேரமும் டீ நான்தானுங்க குடுக்கறேன்."

இவனையும் வரிசையில் சேர்த்தாயிற்று.

எனக்குக் கல்யாண நாள்தான் கண்முன் வந்தது. முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாப்பிள்ளையின் அப்பா பந்தலில் தொப்பென்று விழுந்தார். கை கால் இழுக்கிறது, வாயில் நுரை. இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க என்று கத்துகிறார்கள். இழுப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிப்பது நம் பக்கத்து வைத்தியம். நான்தான் இடுப்பிலிருந்து என் பெட்டிச் சாவியை உருவி அவர் கையில் வைத்து மூடினேன். ஒரு விரல் நீளம், நல்ல கனம். எழுந்தவர் முகத்தைத் துடைத்தார். "பந்தல் சூடு" என்றார். எல்லோரும் ஆமாம், பந்தல் சூடு என்றார்கள். சாவி திரும்பி வரவில்லை.

என் பட்டுச் சேலை அந்தப் பெட்டிக்குள். மகள் கல்யாணப் போட்டோவில் நான் மஞ்சள் கறை பிடித்த சமையல்கட்டுச் சேலையோடு நிற்கிறேன். பக்கத்தில் சம்பந்தி பட்டு வேட்டியில், கையை இறுக மூடிக்கொண்டு. பிறகு அனுப்பர்பாளையத்திலிருந்து பாத்திர ஆசாரி வந்துதான் பூட்டை உடைத்தார்.

இவர் வேன் ஓட்டப் போகிறார் என்று தெரிந்தபோது நான் சும்மா இருக்கவில்லை. மருமகனைக் கூப்பிட்டு, ஆகாதுங்க, அன்னைக்கு விழுந்தாருல்ல என்றேன். "அத்தைக்குச் சாவிக் கோவம்" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

1991 ஜூன் 24, திங்கள்

சம்பந்தி ஜாமீனில் வந்துவிட்டார். பிரேக்கை மாற்றி, வேனுக்கு எலுமிச்சம்பழம் கட்டி, இன்றைக்கு அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். ஹாரன் வேறு.

டீக்கடையில் பேச்சு நடந்தது. ஒருவன் சொன்னான், பிரேக் பழுது மெசினுக்கு வந்த நோவு, அதுக்கு மனுசன் என்ன பண்ணுவான். நான் கேட்டேன், மனுசனுக்கு வந்த நோவா இருந்தா? அதுக்கு ஆஸ்பத்திரிதானுங்க, ஜெயிலா என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பாதி டீ. முழு டீக்குக் காசு வாங்கினான் குருசாமி. இருக்கட்டும்.

செல்லத்தாய் வேனில் ஏறவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு போனாள்.

1991 ஜூலை 7, ஞாயிறு

மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் வருவது தெரியாமல் சம்பந்தி கிணற்றடியில் சட்டையில்லாமல் குளித்துக்கொண்டிருந்தார். அரைஞாண் கயிற்றில் ஒன்று தொங்குகிறது. ஈரத்தில் மின்னுகிறது. என் சாவி.

"ஏனுங்க சம்பந்தி, அது எம்படது."

துண்டை இழுத்து மூடினார். "எதுங்க?"

"எந்தப் பெட்டிக்குங்க அது? உங்க ஊட்டுல எல்லாத்துக்கும் கொக்கிதானுங்களே."

துண்டோடு உள்ளே போய்விட்டார். அப்புறம் வேலாத்தாள் என்னை மாட்டுக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். கல்யாணத்தன்றிலிருந்து அந்தச் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கியதே இல்லையாம். அது இருக்கும்வரை இழுப்பு வராது என்று நம்பிக்கையாம். கோயமுத்தூர் டாக்டர் கொடுத்த மாத்திரையைக்கூட, சாவி இருக்கும்போது எதுக்கு என்று நிறுத்திவிட்டாராம். வேன் மோதிய அன்றைக்குக் காலையில் கயிறு அறுந்துபோய் சாவியை ஆணியில் மாட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"அப்ப பிரேக்கு?"

வேலாத்தாள் மாட்டின் முதுகைத் தடவினாள். "பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சும்மா. மாமா வந்ததுல இருந்து சாவிய மறந்துட்டேன், சாவிய மறந்துட்டேன்னு அழுகறாரு."

என் பெட்டிச் சாவியை நம்பி ஒரு வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். அது பூட்டையே இரண்டு தரம் திருப்பினால்தான் திறக்கும்.

கிளம்பும்போது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெளியில சொல்லிப்போடாதம்மா. இழுப்பு இருக்கற வம்சம்னு தெரிஞ்சா நம்ம மயிலாளுக்கு மாப்ள வருமா?"

மயிலாள் என் ஒரே பேத்தி. பதினாறு வயசு.

1991 ஜூலை 8, திங்கள்

நோவுக்குக் கேஸ் போடலாமா? கூடாது. போட்டால் மூட்டுவலிக்கு முதலில் என்னைத்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் எனக்கு முட்டி மடங்காது என்று தெரியும், அதனால் கிணற்றுச் சுவர் மேல் ஏறுவதில்லை. இவருக்குத் தெரியும். தெரிந்துதானே சாவியைக் கட்டினார்? தெரியாதவன் எதுக்குக் கட்டறான்?

சொல்லியிருந்தால் வேன் வேலை கிடைத்திருக்காது. அதுவும் சரிதான். வயிறு இருக்கிறதே. ஆனால் பெரியகருப்பனுக்கு மட்டும் வயிறு இல்லையா, பாதி டீதானே குடிச்சாரு அந்த மனுசன்.

இன்னொன்று. நான் சொல்லப் போவது பெரியகருப்பனுக்காகவா, பட்டுச் சேலைக்காகவா? இரண்டையும் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தேன். பிரியவில்லை.

1991 ஜூலை 10, புதன்

மயிலாள் வந்தாள். புதுத் தாவணி, கையில் டிபன் பாக்ஸ். பத்தாவது பெயிலானதால் அதே கம்பெனியில் செக்கிங்கில் சேர்த்துவிட்டார்களாம்.

"எதுல போவ கண்ணு?"

"அப்புச்சி வேன்லதான் அம்மாயி. முன்னாடி சீட்டு."

அம்மாவின் அப்பாதான் அப்புச்சி, அப்பாவின் அப்பாவுக்கு வேறு பேர் என்று எத்தனை தரம் சொன்னாலும் இவளுக்கு எல்லாக் கிழவனும் அப்புச்சிதான். அதைத் திருத்தக்கூட வாய் வரவில்லை. இவளுக்கு மாப்பிள்ளை வர வேண்டும் என்றுதானே வாயை மூடச் சொன்னாள் இவள் அம்மா. இவளைக் கொண்டுபோய் அந்த வேனிலேயே, முன் சீட்டிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள்.

அவளை உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் டிபன் பாக்ஸைத் திறந்து திறந்து மூடினாள்.

"மறைச்சுக் கட்டிக் குடுத்து, நாளைக்கு எனக்கும் இழுப்பு வந்தா, அப்பறம் நான் யாருகிட்டச் சாவி வாங்கறதுங்க அம்மாயி?"

சாயங்காலம் செல்லத்தாயின் ரூமுக்குப் போனேன். வாடகை கேட்க வந்தேன் என்று நினைத்து எழுந்தாள். உட்காரச் சொல்லி, நடந்ததைச் சொன்னேன். அழவில்லை. "எங்கய்யாவைக் கொன்னது பிரேக்குன்னு அந்த வேனைப் பார்க்கும்போதெல்லாம் வஞ்சுக்கிட்டு இருந்தேம்மா. வேன் பாவம்" என்றாள்.

நாளைக்கு இரண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷன் போகிறோம்.

1991 ஜூலை 11, வியாழன்

போனோம். எழுதிக்கொண்டார்கள். எழுதியவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "சாவிக்காகவாம்மா இவ்வளவு தூரம்?" என்றார். வரிசையில் சேர்த்தேன்.

1991 ஜூலை 21, ஞாயிறு

வேலாத்தாள் வரவில்லை. போன ஞாயிறும் வரவில்லை.

வேனை இப்போது வேறு ஆள் ஓட்டுகிறான். மயிலாள் அதில்தான் போகிறாள். கண்ணு தெரியுமா, இழுப்பு உண்டா என்று அவனை நிறுத்திக் கேட்டேன். வேனோடு ஓடிவிட்டான்.

1992 பிப்ரவரி 19, புதன்

கோர்ட். அந்தப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். அதற்கு இப்போதுதான் ஒரு வேளை வந்தது.

சம்பந்தியின் வக்கீல் சின்னப் பையன், பெரிய கண்ணாடி. "மருதாளம்மா, உங்களுக்கும் இவருக்கும் பகை உண்டா?"

"உண்டுங்க."

இல்லை என்பேன் என்று நினைத்திருப்பார் போல. காகிதத்தைப் புரட்டினார். "எப்போலேர்ந்து?"

"கல்யாணத்தன்னைக்குக் காலையில இருந்துங்க."

"அந்தப் பகையிலதான் பொய் சொல்றீங்க?"

"பகை இருக்கறதுனாலதானுங்க எனக்கு ஞாபகம் இருக்குது. பகையில்லாதவங்களைக் கேட்டுப் பாருங்க, பந்தல் சூடுன்னு சொல்லுவாங்க."

ஜட்ஜ் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். வக்கீல் விடவில்லை. இத்தனை வருசம் கழித்து என்ன ஞாபகம் இருக்கும் என்றார். அன்றைக்கு யார் யார் மொய் வைக்காமல் சாப்பிட்டுப் போனார்கள் என்று ஆரம்பித்தேன். ஐந்தாவது பேர் வரும்போது போதும் என்றார்கள். அந்த ஐந்தாவது ஆள் பின் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான்.

"சரி, சாவி, சாவின்னு சொல்றீங்களே, எங்கே அந்தச் சாவி?"

"அவரு இடுப்புலதானுங்க."

கோர்ட்டே சம்பந்தியின் இடுப்பைப் பார்த்தது. வக்கீலும் பார்த்தார். அவரிடம்கூடச் சொல்லவில்லை போலிருக்கிறது. சம்பந்தி என்னைப் பார்த்தார். அப்புறம் செல்லத்தாயைப் பார்த்தார். சட்டையைத் தூக்கி, கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்து மேசை மேல் வைத்தார்.

"எனக்கு இழுப்பு இருக்குதுங்க எசமான். ரொம்ப நாளா இருக்குதுங்க. பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

எட்டி என் சாவியை எடுக்கப் போனேன். அது கோர்ட்டுப் பொருளாம். நூலைக் கட்டி, நம்பர் ஒட்டி, உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பதினெட்டு வருசம் கழித்துக் கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது.

1992 மார்ச் 12, வியாழன்

ஆறு மாதம் ஜெயில். லைசென்ஸ் ரத்து.

செல்லத்தாய் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். சந்தோசமா என்று கேட்டேன். "இல்லம்மா. ஆனா பிரேக்குன்னு இனி ஒருத்தரும் சொல்ல மாட்டாக" என்றாள்.

வேலாத்தாள் என் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறினாள். என் வயிற்றில் பிறந்தவள், கோபத்தை லேசில் விட மாட்டாள்.

1993 ஜனவரி 12, செவ்வாய்

பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேலுமணி வந்தான். கடைசி ரூம் பக்கத்துச் சுவரில் சிவப்பாக இருக்கும் இடத்தை விட்டுவிடச் சொன்னேன். ஏனுங்க என்றான். சுண்ணாம்பு பத்தாது என்றேன். அரைச் சட்டி மீதி இருந்ததை அவன் பார்த்தான். சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த சுவருக்குப் போனான்.

கோர்ட்டுக்குப் போய்ச் சாவி கேட்டேன். உறையைக் காணோமாம். குமாஸ்தாவின் பேரைக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

1993 ஏப்ரல் 18, ஞாயிறு

வேலாத்தாள் வந்தாள். மோர் குடித்தாள். போகும்போது, "மாமா இப்ப மாத்திரை சாப்படறாரு" என்று வாசற்படியைப் பார்த்துச் சொன்னாள்.

1994 ஜூன் 5, ஞாயிறு

மயிலாளைப் பெண் பார்க்க வந்தார்கள். இது மூன்றாவது இடம். முதல் இரண்டும் விசாரித்துவிட்டு வராமலே நின்றுவிட்டன. என் வீட்டில்தான் வைத்துக்கொண்டோம். வேலாத்தாள்தான் கேட்டாள், "உன் ஊட்டுல வெச்சுக்கலாமா?" என்று.

சம்பந்தி பஸ்ஸில் வந்தார். ஜெயிலுக்குப் போய் வந்ததிலிருந்து பஸ்தான். காபி வருவதற்கு முன்னால், யாரும் கேட்பதற்கு முன்னால், அவரே ஆரம்பித்தார்.

"எனக்கு இழுப்பு இருக்குதுங்க. மறைச்சு வண்டி ஓட்டி ஒரு ஆளு உசுரு போச்சு. ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தனுங்க. இப்ப மாத்திரை சாப்படறேன். புள்ளைக்கு ஒண்ணும் இல்லீங்க. தெரிஞ்சுக்குங்க."

வேலாத்தாள் காபித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். மாப்பிள்ளையின் அப்பா அய்யாசாமி துண்டை மடித்தார், பிரித்தார். எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை.

"நீங்க சொல்லிப்போட்டீங்க" என்றார். "எனக்கும் சக்கரை இருக்குதுங்க. அப்பப்பக் கண்ணு இருட்டும். கொஞ்ச நேரத்துல சரியாப் போயிருமுங்க."

அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இது அவளுக்கே இப்போதுதான் தெரியும் என்று தெரிந்தது.

காபி குடித்தார்கள். சர்க்கரை போடாமல் ஒன்று. பெண்ணைப் பார்த்தார்கள். மயிலாள் மாப்பிள்ளையிடம் நேராகவே கேட்டாள், உங்களுக்கு என்ன இருக்குதுங்க என்று. பல் வலி என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தியும்தான். ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

மாப்பிள்ளை தன் அம்மாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு முன்னால் கிளம்பிவிட்டான். அய்யாசாமி வாசலில் நின்ற தன் மொபெட்டில் ஏறப் போனார். இங்கிருந்து அவர் ஊருக்கு நல்ல தூரம், எல்லாம் லாரி போகும் ரோடு. நான் முன்னால் போய்ச் சாவியை உருவிவிட்டேன்.

"ஏனுங்க சம்பந்தி, இது என்னங்க?" என்று ஆறுச்சாமியிடம் கேட்டார்.

"பஸ்ஸு வருமுங்க" என்றார் ஆறுச்சாமி. அவரே கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிட்டு வந்தார்.

மாப்பிள்ளை நாளைக்கு வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போகட்டும். அதுவரை சாவி என் இடுப்பில் இருக்கும்.