முனிக்கு நேர்ந்த சேவல்

வெள்ளிக்கிழமை, இரவு

மிஞ்சியிருந்த செவலைக் கோழியும் இன்று செத்துவிட்டது. நான் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வருவதற்குள் விறைத்துக் கிடந்தது. சீக்கைக் கொண்டுவந்தது பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பரமேஸ்வரியின் சேவல்தான். அது பச்சையாகக் கழிந்துகொண்டு என் கூட்டுக்குள் நுழைந்த அன்றே, அடைத்து வை என்று அவளிடம் கெஞ்சினேன்.

“முனிக்கு நேர்ந்து விட்டது அக்கா. அத அடைக்கக்கூடாது” என்றாள்.

என் கோழிகள் எல்லாம் போய்விட்டன. அவள் சேவல் தேறிவிட்டது. சீக்கு வந்த சேவலை முனிக்குக் கொடுக்கக்கூடாது. அது தெரிந்துதான் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நான் சொல்வேன். இப்போது இல்லை. திருவிழாவில், மாலை போட்டுச் சேவலை நிறுத்தி, பூசாரி கத்தியை எடுக்கும்போது, எல்லார் முன்னாலும் சொல்வேன்.

அதுவரை அது சாகக்கூடாது. சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றது. மஞ்சள் போட்டுப் பிசைந்த சோற்றை நானே வைத்தேன்.