வெனிங் அமுது செய்தாள்

சலாதிகா,
ஷவ்வால் மாதம்

அன்பு மகள் ராத்ரிக்கு அப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அம்மாவும் தங்கை வெனிங்கும் இறைவன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், நீயும் ஜப்பானில் அந்த அகித்தாக் குளிரில் காய்ச்சல் சளி எதுவும் அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தொழுகை முடிந்து கையேந்தும்போதெல்லாம் கேட்கிறோம். போனில் பேசலாமே என்பாய். போனை எடுத்தால் வெனிங் பிடுங்கிக்கொள்கிறாள், அவள் பேசி முடிப்பதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். மழை ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது, சமையலறை ஓட்டை மாற்றிவிட்டேன், பம்பு பழுதுபார்க்கும் வேலை இனி கோடை வரை ஓயாமல் வரும். அம்மாவுக்கு முதுகுவலி தேவலாம். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை, பெருநாளன்று என் மானம் போய்த் திரும்பி வந்த கதையைச் சொல்லத்தான்.

எல்லாம் வாத்தில் ஆரம்பித்தது. ஏரிக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாத்து ஏன் நனையவில்லை என்று வெனிங் கேட்டாள், இறகில் எண்ணெய் இருக்கிறது என்றேன், அப்படியானால் எண்ணெயைக் கழுவிவிட்டால் என்ன ஆகும் என்றாள், பார்க்கலாம் என்று சொல்லித் தொலைத்தேன். நான் பட்டறையில் இருந்தபோது அவள் பக்கத்து வீட்டு முஜி மாமாவின் வாத்தைப் பிடித்து வந்து துணி துவைக்கிற சோப்பைப் போட்டுத் தேய்த்துத் தொட்டியில் விட்டிருக்கிறாள். பாவம், அது பாதி உடம்பு முழுகித் தத்தளித்துவிட்டு, எண்ணெய் மறுபடி ஊறும்வரை நம் அடுப்பங்கரையில்தான் தூங்கியது. முஜி மாமா சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் அன்றைக்கென்று ஹர்த்தினி அத்தை வந்து சேர்ந்தார். என் அக்காவாயிற்றே, உனக்குத் தெரியாதா, தலைமையாசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர அதட்டலிலிருந்து ஓய்வு பெறவில்லை. வெனிங்கைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல் நாங்களே கற்றுக்கொடுப்பது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. "பள்ளிக்கூடம் போற பிள்ளை வாத்துக்குச் சோப்பு போடுமாடா? ஊர் சுத்துறதுக்குப் பேரு படிப்பா?" என்று பிடித்துக்கொண்டார். வெனிங்குக்கு வயது ஒன்பது ஆகிறது, நாலு பேர் முன்னால் மரியாதையாக நம் ஜாவா மொழியில் ஒரு வாக்கியம் பேசுவாளா என்றார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "பெருநாளன்னிக்குப் பாருங்கக்கா, உங்க காலடியில உட்கார்ந்து என் மக பேசுறதை. ஒரு தப்பு வந்தாலும் ஜூலைல பள்ளிக்கூடம் திறக்கும்போது நானே கொண்டுபோய்ச் சேர்க்குறேன்" என்று சவால் விட்டுவிட்டேன். அன்று முழுக்க உன் அம்மா என்னோடு பேசவில்லை.

அப்புறம் போன இடமெல்லாம் இதே வேலைதான். சந்தையில் மிளகாய் நிறுக்கும்போது, பஸ்ஸில், ஏரிக்கரையில், அம்பராவாவில் பல்சக்கர ரயில் மலையேறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பெருநாளன்று மண்டியிட்டுப் பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் அந்த நீண்ட வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கிளி மாதிரி ஒப்பித்தாள். எதற்கு மன்னிப்பு என்று நடுவில் ஒரு சந்தேகம் வந்தது, வாத்துக்கும் சேர்த்துக் கேட்டுக்கொள் என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்குள்ளே பயமாகத்தான் இருந்தது. உன்னையும் இப்படித்தானே காடும் கடையும் காட்டி வளர்த்தோம். நீ தைரியமாகக் கடல் கடந்து போய் அந்நிய மொழியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறாய், அது எங்கள் வளர்ப்பினாலா, உன் குணத்தினாலா என்று அந்த நாட்களில் ரொம்ப யோசித்தேன்.

பெருநாள் வந்தது. அத்தை வீட்டுக் கூடத்தில் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்க, அத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, சின்னவர்கள் ஒவ்வொருவராக மண்டியிட்டோம். முதலில் அத்தையின் பேரன் இல்ஹாம், வகுப்பில் முதல் மாணவன், வாக்கியத்தைப் பிசகில்லாமல் சொன்னான். சாப்பிட்டாயா என்று அத்தை மரியாதை மொழியில் கேட்டதும் பிள்ளை தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான், முகம் வெளுத்துவிட்டது, பள்ளிக்கூடத்து இந்தோனேசிய மொழியில் ஏதோ முணுமுணுத்துவிட்டு எழுந்துவிட்டான். அடுத்தது வெனிங். அவளும் பிசகில்லாமல்தான் சொன்னாள், என் நெஞ்சு ஒரு முழம் விரிந்தது. அத்தை அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டார். நம்மவள் கணீரென்று, தான் 'தஹார்' ஆகிவிட்டதாகச் சொன்னாள்! ராஜா சாப்பிட்டாலும் அத்தை சாப்பிட்டாலும் சொல்லவேண்டிய சொல்லைத் தனக்கே வைத்துக்கொண்டு, தான் திருவமுது செய்தருளியாயிற்று என்று கூடம் அதிர அறிவித்துவிட்டாள். கெத்துபாட் சோற்றுத் தட்டோடு நின்றவர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "மகாராணி இன்னும் வேறென்ன செஞ்சருளினாங்க?" என்று உன் சித்தப்பா வேறு. எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போகலாம் போல இருந்தது.

வெனிங் அழவில்லையம்மா. சிரிப்பு அடங்கும்வரை மண்டியிட்டபடியே காத்திருந்து, "எங்க வீட்டில அம்மா தினமும் 'வெனிங், தஹார்'னுதானே அத்தை கூப்பிடுறாங்க? அப்ப அது என் சொல்லு இல்லையா?" என்று கேட்டாள். தூக்கிவாரிப்போட்டது. குழந்தை காதில் மரியாதைச் சொல் விழட்டும் என்று நாம் எல்லாருமே பிள்ளைகளிடம் அப்படித்தானே பேசிப் பழக்குகிறோம், அவள் அதைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டுவிட்டாள். அத்தை முகத்தை மாற்றாமல், "அது பெரியவங்களுக்கு. நீ சாப்பிட்டா 'நெத்தா'ன்னு சொல்லணும்" என்றார். "அப்ப வாத்து சாப்பிட்டா?" "அதுக்கு 'மங்கான்'." அவள் விரல் மடக்கி, அத்தை தஹார், நான் நெத்தா, வாத்து மங்கான் என்று சொல்லிப் பார்த்துவிட்டு, சோப்பு போட்ட வாத்து நம் வீட்டு விருந்தாளியாயிற்றே, அதற்கு எந்தச் சொல் என்றாள். அத்தையின் உதடு துடித்ததை நான் பார்த்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "தப்பு தப்புதான் தம்பி. ஜூலை மாசம் ஞாபகம் இருக்கட்டும்."

ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவள், பள்ளிக்கூடத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவுதானே, அப்போது ஏரிக்குப் போகலாம் இல்லையா என்று கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, காற்றில் தூசி என்று சமாளித்தேன். அந்த வாரக் கடைசியில் அத்தையிடமிருந்து போன். நாளைக்கு எங்கே போகிறீர்கள் என்றார், ஏரிக்கு என்றேன், நானும் வருகிறேன் என்றார். "இல்ஹாமுக்கு எல்லாம் தெரியும்டா, தப்பாயிடுமோன்னு வாயே திறக்க மாட்டேங்கிறான். இவ அந்தப் பயத்தை எங்க தொலைச்சான்னு நான் பார்க்கணும்" என்றார்.

வந்தாரம்மா அத்தை, புதுத் தொப்பியும் குடையுமாக. படகில் ஏறியதிலிருந்து வெனிங் அவரை விடவில்லை. ஆகாயத்தாமரை ஏன் மிதக்கிறது என்று ஆரம்பித்தாள், அத்தை ஒரு தண்டைப் பிளந்து உள்ளே காற்றறை இருப்பதைக் காட்டப் போய்ச் செருப்பு நனைந்து பாவாடை நனைந்து, கடைசியில் அவரே குனிந்து அடுத்த தண்டைப் பறித்துக்கொண்டிருந்தார். படகுக்காரரிடம் வெனிங் சாப்பிட்டாயிற்றா என்று சரியான சொல்லில் விசாரித்தாள், அத்தை காதில் வாங்காத மாதிரி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கரையில் பாயை விரித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை, ஜூலை விஷயம் என்னக்கா என்று கேட்டேவிட்டேன். "ஜூலைல அந்தப் பல்சக்கர ரயிலைப் பார்க்கணும். செவ்வாய்க்கிழமை போவோம், கூட்டம் இருக்காது" என்றார். செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூட நாள்! உன் அம்மா என் தொடையில் கிள்ளினாள், இன்னும் வலிக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை ஒரு தட்டில் சோறும் பொரித்த பொடிமீனும் சம்பலும் வைத்து, முள்ளை எல்லாம் எடுத்துவிட்டு, அதை வெனிங்கின் முன்னால் நகர்த்தி, "வெனிங், தஹார்" என்றார். நான் வாய் பிளந்து பார்த்தேன். "என்னடா பார்க்கிற? பிள்ளை காதில நல்ல சொல்லு விழ வேணாமா?" என்று என் மேல் எரிந்து விழுந்தார்.

நீயும் அங்கே முதியோர் விடுதிப் பாட்டியிடம் நான் எழுந்தருளியிருக்கிறேன் என்கிற மாதிரி ஜப்பானிய மொழியில் சொல்லிவைத்து எல்லாரும் சிரித்தார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன், உங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் ராஜகுமாரி என்று நினைப்பு என்றார், சந்தோஷமாகத்தான் சொன்னார். நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இருக்க இறைவன் துணை நிற்கட்டும். இரவுப் பணி முடிந்து பட்டினியாகப் படுக்காதே, கம்பளிக் காலுறை போட்டுக்கொள். பக்கத்தில் நின்று அம்மா கேட்கச் சொல்கிறாள்: ராத்ரி, தஹார் ஆயிற்றா? பதிலில் மட்டும் மறக்காமல் 'நெத்தா' என்று எழுது. உன் கடிதத்தை இனி அத்தையும் படிப்பார்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா வாசிஸ்