ஊதா மூடிக் குழாய் சொன்ன பொய்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கோபமாக இருப்பவள் நலம் விசாரிக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, அதனால் முதலில் விசாரித்துவிட்டேன். இனிமேல் கோபம்.

அன்றைக்கு நான் போனைப் பாதியில் வைத்துவிட்டேன் என்று அப்பாவிடம் குறைப்பட்டாயாம். வைத்தேன்தான். போனில் பேசினால் நீ வேகமாகப் பேசுவாய், நடுநடுவே உன் லேப் பாஷை வரும், நான் திணறுவேன், கடைசியில் நீ அழுவாய், உடனே நான்தான் உன்னைச் சமாதானப்படுத்த வேண்டும். கடிதத்தில் அது நடக்காது. நடந்தது எல்லாம் உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும், எங்கள் பக்கம் நின்று நீ ஒரு தடவையும் பார்க்கவில்லை, அதனால் வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

உன் தங்கை, நம் பம்பரத்துக்கு என்ன குறை இருந்தது சொல். ஒரு இடத்தில் நிற்க மாட்டாள் என்று நீ வைத்த பேர்தானே அது. நீச்சல் குளத்தில் வேலை, கழுத்தில் விசில், குளோரின் வாசனை போகாத துண்டு, சிவப்புத் தொப்பி போட்ட குழந்தைகளை வரிசையாக நிறுத்தி மூச்சுப் பிடிக்கச் சொல்லித் தருவாள். வருஷா வருஷம் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. இந்த வருஷம் பிளேட்லெட், அதுதான் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு, முப்பதாயிரம் என்று வந்தது. லட்சத்து ஐம்பதாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டியதாம். மறுபடி எடுத்தார்கள், இருபத்தெட்டாயிரம். இன்னொரு தடவை எடுத்தார்கள், அதிலும் குறைவுதான். அந்த ரத்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்களைத் திருடன் என்று நினைத்து அடிக்கிறான், இது எதிர்ப்புச் சக்தி தப்பாகத் திரும்பும் நோய், எங்கேயாவது தலையில் இடித்துக்கொண்டால் உள்ளேயே ரத்தம் கசிந்து ஆபத்தாகிவிடும், இனி தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார். உன் அத்தை வந்து உட்கார்ந்துகொண்டு, "நாளெல்லாம் தண்ணியிலேயே கெடந்தா ரத்தம் நீர்த்துப் போகாம என்ன செய்யும், நான் அப்பவே சொன்னேன்" என்றாள். அவள் எப்போது சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

எனக்கு அப்போதே ஒன்று உறுத்தியது. அதற்கு முந்தின வாரம்தான் குளத்தின் ஓடு முனையில் பட்டு இவள் முழங்கால் கிழிந்தது, நான் பஞ்சைத் தேடி எடுத்து வருவதற்குள் ரத்தம் தானே நின்றுவிட்டது. உடம்பில் ஒரு கன்றிப்போன தடம் இல்லை, பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் இல்லை. இதை டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "மெஷின் எண்ணுறதை நீங்க கண்ணால எண்ணிடுவீங்களாம்மா? நீங்க சாமியைக் கும்பிடுங்க, கவுன்ட்டை நாங்க பாத்துக்கறோம்" என்றார். உன் அப்பா வேறு என் கையைத் தட்டி, "அவங்களுக்குத் தெரியாததாடி, சும்மா இரு" என்றார். சரி, படித்தவர்கள் சொல்கிறார்கள் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன், சாமியையும் கும்பிட்டேன்.

அப்புறம் ஸ்டீராய்டு மாத்திரை. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தப் பொடி எழுத்துத் தாளை அகராதி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். அதில் போட்டிருந்த கெடுதல் ஒன்றுவிடாமல் அவளுக்கு வந்தது. முகம் பூசணி மாதிரி உப்பிப்போனது. பசி அடங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள், எரிந்து விழுந்துவிட்டு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குளத்தில் இரக்கப்பட்டு அவளைத் துணி வைக்கும் அலமாரிச் சாவி கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். ஒரு நாள் சிவப்புத் தொப்பிக் குழந்தை ஒன்று ஜன்னலை எட்டிப் பார்த்து, "அக்கா, எங்க பழைய டீச்சர் எப்ப வருவாங்க?" என்று இவளிடமே கேட்டதாம். சாவியைக் கொடுத்துவிட்டு, "வருவாங்கம்மா" என்று சொன்னாளாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து விசிலைக் கழற்றிச் சமையலறை ஆணியில் மாட்டினாள். நான் அதைத் துடைத்துத் துடைத்து அதே ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

மாத்திரைக்கும் எண்ணிக்கை ஏறவில்லை. எப்படி ஏறும்? அப்போதுதான் நீ சொன்னாய், புது மருந்து ஒன்றை ஆராய்ச்சியாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள், நம் ஊர் ஆஸ்பத்திரியிலும் ஒரு பிரிவு இருக்கிறது, ரத்தம் தடவிய கண்ணாடித் துண்டுகள் எல்லாம் நீ வேலை செய்யும் லேபுக்குத்தான் வரும், தங்கையைச் சேர்த்துவிடுங்கள் என்று. எனக்குக் கடவுளே உன் உருவத்தில் வந்த மாதிரி இருந்தது. கூட்டிக்கொண்டு போனோம், ரத்தம் கொடுத்தோம், காத்திருந்தோம். அந்தப் பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்து, "உங்க பொண்ணு தகுதி பெறலைம்மா" என்றாள். ஏன் என்று கேட்டேன். "காரணமெல்லாம் நாங்க போன்ல சொல்லக் கூடாதும்மா, ரூல்ஸ். டாக்டருக்குத் தகவல் போயிருக்கு" என்று வைத்துவிட்டாள்.

தகுதி பெறவில்லை என்றால் ஒரு தாய் என்ன நினைப்பாள்? மருந்து கொடுத்தும் பிரயோஜனம் இல்லாத அளவுக்கு முற்றிவிட்டது என்றுதான் நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம். அப்பா ஷூ லேஸைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார், எங்கேயும் போகவில்லை. உனக்கு இப்போது சொல்ல வேண்டாம், தூரத்தில் இருந்துகொண்டு தவித்துப்போவாய் என்று அவர்தான் தடுத்துவிட்டார். நான் சாமி முன்னால் உட்கார்ந்து குணமாக்கு என்று கேட்கக்கூடப் பயந்துபோய், கொஞ்ச காலமாவது விட்டு வை என்று பேரம் பேசினேன். அந்த ரத்த டாக்டரும், ஆராய்ச்சியிலும் எடுக்கவில்லை என்றால் கடைசி வழி மண்ணீரலை எடுத்துவிடுவதுதான், தட்டணுக்களைத் தின்பது அங்கேதான் நடக்கிறது என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார். அவருக்குப் போனதாகச் சொன்ன தகவலில் என்ன இருந்தது என்று அவர் பிரித்துப் பார்த்தாரா இல்லையா, இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மனசு கேட்காமல், யாரிடமும் சொல்லாமல் நான் அந்த ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஜெனரேட்டர் அறையை ஒட்டி இருக்கிறது, நாற்காலி நாலு, சுவரில் ஓடாத கடிகாரம். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு உன் வயசுதான் இருக்கும். கையைப் பிடித்துக்கொண்டேன். "ரொம்ப முடியாதவளா இருந்தாலும் பரவாயில்லைம்மா, எப்படியாவது சேத்துக்குங்க, பலன் இல்லைன்னாலும் நான் உங்களைக் கேக்க மாட்டேன்" என்றேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "முடியாதவளா? யாரும்மா சொன்னது? உங்க பொண்ணுக்கு அந்த நோயே இல்லையே. நல்லா இருக்கறவங்களை நாங்க எப்படிம்மா நோயாளின்னு சேக்கறது?" என்றாள். என்னை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள், விளக்கினாள்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். எண்ணிக்கை பார்க்க ரத்தத்தை ஊதா மூடி போட்ட குழாயில் பிடிக்கிறார்கள், உறையாமல் இருக்க அதில் ஒரு மருந்து தடவியிருக்கிறது, சில பேர் ரத்தத்துக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, தட்டணுக்கள் ஒன்றோடு ஒன்று கொத்தாக ஒட்டிக்கொள்கின்றன. மெஷின் தனித்தனியாக இருப்பதைத்தான் எண்ணும், கொத்தை விட்டுவிடும். ஈரக் கரண்டி போட்டால் சர்க்கரை ஜாடியில் கட்டி கட்டியாகிவிடும் அல்லவா, அது கரண்டி செய்த வேலை, சர்க்கரை குறையவே இல்லை. உடம்புக்குள் ஓடும் ரத்தத்தில் ஒரு கோளாறும் கிடையாது. ஆராய்ச்சிக்காரர்கள் வேறு மருந்து தடவிய நீல மூடிக் குழாயிலும் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள், அதில் இரண்டு லட்சத்துக்கு மேல் வந்திருக்கிறது. மூன்று தடவை எடுத்தார்களே, மூன்று தடவையும் அதே ஊதா மூடிதான். ஒரே பொய்ச்சாட்சியை மூன்று தடவை கூண்டில் ஏற்றிவிட்டு, மூன்று பேர் சொல்லிவிட்டார்கள் என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள்.

நேரே ரத்த டாக்டரிடம் போய் நின்றேன். ஆபரேஷன் ரத்து என்று சொல்லிவிட்டார், மாத்திரையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார். ஒரு மன்னிப்பு? மூச்சு விடவில்லை. "ஆயிரத்துல ஒருத்தருக்கு இப்படி ஆகும்மா" என்றார். கண்ணாடித் துண்டில் தடவி ஒரு ஆள் கண்ணால் பார்த்திருந்தால் கொத்து தெரிந்திருக்குமே, ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். முதலில் ரத்தம் எடுத்த லேபில் பார்த்திருக்க வேண்டும் என்றார். அந்த லேபில் கேட்டால் டாக்டர் எழுதித் தரவில்லை என்றார்கள். இவர் அங்கே கை காட்டுகிறார், அவர்கள் இங்கே கை காட்டுகிறார்கள், நடுவில் என் பெண் உப்பிய முகத்தோடு நின்றாள்.

இப்போது உன்னிடம் வருகிறேன். நடந்ததைச் சொல்லத்தான் அன்றைக்குப் போன் செய்தேன். நீ முழுவதும் கேட்டுக்கொண்டாய். அப்புறம் சின்னக் குரலில், "அம்மா, அந்த ஸ்லைடு என் மேஜைக்குத்தான் வந்தது, கொத்துக் கொத்தா இருந்துச்சு, இது குழாய்ல ஆனது, நோய் இல்லைன்னு பாத்துட்டு விலக்குன்னு எழுதினது நான்தான்" என்றாய். பேர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும், யாருடையது என்று தெரிந்தால் பாரபட்சம் வந்துவிடும் என்றாய். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். அது நியாயமான ஏற்பாடு, அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அடுத்து ஒன்று சொன்னாயே, "தங்கச்சியோடதுன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே உங்களைக் கூப்பிட்டிருப்பேம்மா" என்று, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தங்கையாக இருந்தால் கூப்பிடுவாய். மற்ற எண்ணுக்கெல்லாம் அம்மா கிடையாதா? அவளுக்கு நோய் இல்லை என்று உலகத்திலேயே முதலில் தெரிந்துகொண்டவள் நீ. தெரிந்துகொண்டு, விலக்கு என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு அடுத்த கண்ணாடியை எடுத்துவிட்டாய். என் வீட்டுக் கணக்கில் ஒரு வரியை அடித்தால்கூடப் பக்கத்தில் ஏன் அடித்தேன் என்று எழுதி வைப்பேன், பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று. நோயில்லாத ஆளுக்கு நோயில்லை என்று சொல்வது யார் வேலை என்று உங்கள் அத்தனை பெரிய கட்டடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லையா?

இது போதாது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே, இது கவனிக்க வேண்டிய கேஸ், எங்கள் பேராசிரியர் கட்டுரையாக எழுதலாம் என்பார், தங்கையிடம் சம்மதம் கேட்டுச் சொல்லுங்கள் என்றாய். அப்போதுதான் போனை வைத்தேன். அழுதுகொண்டே கட்டுரை யோசிக்கிறவளை நான்தானா பெற்றேன் என்று இருந்தது.

ஆனாலும் நீ கேட்டதை மறைக்க எனக்கு உரிமை இல்லை, அது அவள் ரத்தம், அதனால் பம்பரத்திடம் சொன்னேன். அவள் எரிந்து விழுவாள் என்று நினைத்தேன். கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "எழுதட்டும்மா, இந்தப் பூசணி மூஞ்சி போட்டோவையும் வேணும்னா போட்டுக்கட்டும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறைக்கு வந்தாள். "அம்மா, அக்கா இந்த மாதிரி எத்தனை கண்ணாடியை விலக்கியிருப்பா? அவங்கல்லாம் இப்ப என்ன மாத்திரை முழுங்கிட்டு இருக்காங்களோ. யாருக்காவது மண்ணீரலை எடுத்தே இருப்பாங்களோ?" என்றாள்.  கோபம் கோபமாக வந்ததே தவிர, சாமியிடம் அத்தனை நாள் கெஞ்சிய எனக்கு மற்றவர்களைப் பற்றி அந்த நிமிஷம் வரைக்கும் நினைப்பே வரவில்லை.

ஆகவே அவள் சம்மதம் இதுதான், அவள் சொன்னபடியே எழுதுகிறேன். முதலில் அந்த மற்ற எண்களைத் தேடு. பேர் உனக்குத் தெரியக் கூடாது என்றால் தெரிய வேண்டாம், தெரிந்தவர்கள் யாரோ இருப்பார்கள், அவர்கள் மூலமாக ஒவ்வொரு வீட்டுக்கும் உங்களுக்கு நோய் இல்லை என்று சொல்லச் செய். பேராசிரியரிடம் நீயே போய்ப் பேசு, தலையைச் சொறிந்துகொண்டு நிற்காமல் நேராகப் பேசு. இனிமேல் தகுதியில்லை என்று சொல்லும்போது நோய் இல்லாததால் தகுதியில்லை என்று முழுதாகச் சொல்ல ஏற்பாடு செய். அதற்கப்புறம் கட்டுரை எழுது, கையெழுத்து என்ன, பக்கத்தில் நின்று நானும் போடுகிறேன்.

மாத்திரை இப்போது பாதியாகக் குறைந்திருக்கிறது, முகம் வடிய இன்னும் நாளாகும் என்கிறார்கள். முந்தாநாள் ஆணியிலிருந்து விசிலை எடுத்துக்கொண்டு போனாள். தண்ணீரில் இறங்கியதும் குழந்தைகளுக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டதாம். அப்பா ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் போனவர், குழாய் மூடி என்ன நிறம் என்று கேட்டுச் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார், அவருக்குச் சர்க்கரை பார்க்கத்தான் எடுத்தார்கள். சிரிக்காதே, இந்த வீட்டில் இனி அப்படித்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணை இடுக்கிக்கொண்டு மைக்ரோஸ்கோப்பிலேயே கிடக்காதே, மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். உன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல் ஆண்டவன் காக்கட்டும், அந்தக் கண்ணில் படுகிற ஒவ்வொரு துளிக்கும் பின்னால் ஒரு ஆள் நிற்பதையும் அவனே உனக்குக் காட்டட்டும். என்னோடு பேசவில்லை என்று வருத்தப்படாதே, கூப்பிட்டால் எடுப்பேன். ஆனால் தங்கை எப்படி இருக்கிறாள் என்று ஆரம்பிக்காதே, அவள் நன்றாக இருக்கிறாள். அந்த மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று நீ எனக்குச் சொல்.

உன் மேல் உள்ள கோபத்துக்கும் ஆசைக்கும் குறைவில்லாத,
அம்மா