முழுப்பேர்

லிந்துலை,
9.3.2025, ஞாயிறு இரவு

அன்புள்ள அழகம்மா அத்தைக்கு,

நான் யார் என்று எழுதப் பயமாக இருக்கிறது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டோர்ச் அடித்து எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை குளவிக்கூட்டைக் கலைத்தது செல்லசாமி மாமா இல்லை. அவருடைய பீடிப் புகைதான் காரணம் என்று, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார். பள்ளிக்கூடம் போகும் வழியில் பேரிக்காய்க்குக் கல் எறிந்தது நான். இலைக்குள் கூடு இருந்தது தெரியாது. கீழே தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த உங்களைக் குளவிகள் மொய்த்ததும் நான் ஓடிவிட்டேன். சத்தம் போட்டுக்கூட யாரையும் கூப்பிடவில்லை.

இன்று பூசையில் பாதர் சொன்னார், கடவுள் எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்லும் நடுத்தீர்வை நாளில் ஒரு புத்தகம் திறக்கப்படுமாம். அதில் பேர் இல்லாதவர்களுக்கு நெருப்புத்தானாம். தோட்டத்தில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போட்டு அரைச் சம்பளமாவது கொடுக்கிறார்கள். கடவுளிடம் அரைப்பேர் உண்டா என்று தெரியவில்லை. இருந்தாலும் எனக்கு அதுகூடக் கிடைக்காது.

செத்துப்போய்விடாதீர்கள் அத்தை. தினமும் உங்களுக்காகச் செபமாலை சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பிள்ளை


ஆஸ்பத்திரி,
12.3.2025

புள்ள பிரியந்திக்கு,

பேர மறைச்சு எழுதிட்டு, உங்கம்மா கொண்டாற சோத்துப் பையிலயே வச்சு அனுப்பியிருக்கியே, நீ கெட்டிக்காரிதான்! எனக்கு வலது கை வீங்கிக் கெடக்கு. இடது கையால, பேசுற மாதிரியே கிறுக்குறேன்.

நீ கல்லு எறிஞ்சத நான் பார்த்தேன். ஓடுனதையும் பார்த்தேன். ரெண்டு நாளு கண்ணத் தொறக்க முடியாம உன்னையத் திட்டிக்கிட்டே கெடந்தேன். சொல்லிப்புடலாம்னு வாயத் தொறக்குறப்ப எல்லாம் உங்கம்மா கஞ்சி ஊட்டுனா. கஞ்சியோட சேர்த்து அதையும் முழுங்கிட்டேன். உன் லெட்டரப் படிச்சப்பறம் இருந்த கோவமும் போயிருச்சு.

நான் மாரியம்மனக் கும்புடுறவ. உங்க சாமி புத்தகம் எனக்குத் தெரியாது. ஆனா ஒன்னு கேளு. அன்னைக்கு வேல தொடங்கி அரைமணி ஆகல. என் கூடையில ஒரு புடி கொழுந்துதான் கெடந்துச்சு. கண்டாக்கையா முழுப்பேர் போட்டுட்டாராம். அந்தச் சிடுமூஞ்சியே முழுப்பேர் போடுறப்ப, உங்க சாமி உனக்கு அரைப்பேரா போடும்?

செல்லசாமிக்குத்தான் பாவம், அன்னையிலருந்து பேரே விழல. நான் சொன்னா அது சரியா வராது. நீதான் சொல்லணும். பயமா இருந்தா அம்மா கையப் புடிச்சுக்க.

சனிக்கிழம வீட்டுக்கு விடுறாங்களாம்.

அழகம்மா


லிந்துலை,
14.3.2025, வெள்ளி இரவு

அன்புள்ள அழகம்மா அத்தைக்கு,

அம்மாவிடம் சொன்னேன். இரண்டு அறை விழுந்தது. பிறகு அம்மாவே அழுதுகொண்டு என்னை இன்று காலைப் பெரட்டுக்குக் கூட்டிப் போனார். வேலை பிரித்துக் கொடுப்பதற்காக எல்லோரும் நின்றிருந்தார்கள். செல்லசாமி மாமா வேலை கேட்டு ஓரமாக நின்றார். அம்மா கையை விடாமல் சொல்லிவிட்டேன்.

“ஏம்புள்ள, ஒரு வாரமா தோட்டமே என்னையத் திட்டுச்சு. ஒரு பேரிக்காயாச்சும் விழுந்துச்சா?” என்று மாமா கேட்டார்.

“இல்ல மாமா.”

“அப்ப ரெண்டு பேருக்கும் நட்டந்தான்.”

எல்லோரும் சிரித்தார்கள். கண்டாக்கையா மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் மாமாவைத் தண்ணீர்க் கான் வெட்டப் போகச் சொல்லிப் பேர் எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறேன். பயம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் இன்று போர்வைக்குள் இல்லை. லைட்டைப் போட்டு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த முதல் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அத்தை. நாளைக்கு நீங்கள் வந்ததும் அதன் அடியில் என் பேரை எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு உங்கள்,
சுதாகரன் மரிய பிரியந்தி